விசிறியில் சிக்கிய பொரி

பாகூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தப் பெண், எதையும் திறக்கும் முன் வளையல்களைக் கழற்றி மேசையில் வைப்பார். எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும். சாஃப்ட்வேர் கோளாறு என்று நானே முடிவுகட்டி, இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தேன்.

"இன்னொரு வாட்டி அழிச்சிடுங்கம்மா."

"மாட்டேன் சார். கைக்குத் தட்டுப்படறத மொதல்ல பாத்துடறேன்."

பெட்டியைத் திறந்தார். விசிறி சுற்றாதபடி பொரி சிக்கியிருந்தது. ஆயுத பூஜையன்று பெட்டிமேல் பொரியை அள்ளி வைத்தவன் நான்தான்.

"சூடேறி அணைஞ்சிருக்கு. ஹார்டுவேர்தான். சாஃப்ட்வேர் நல்லாதான் இருந்துது சார். ரெண்டு வாட்டி அழிச்சீங்களே, உள்ள இன்னா இருந்துது?"

பிள்ளைகள் தங்கள் குரலில் பதிந்து வைத்த கதைகள் இருந்தன. இன்றுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை.