வாதப் பிழை பிடித்த மகளும் டாக்டரிடம் போகாத அப்பாவும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. சிங்கப்பூரில், செம்பவாங் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. அந்த வருடம் என் உயர்நிலை நான்கு மாணவர்கள் கட்டுரையானாலும் விவாதமானாலும் ஒரே விஷயத்தைப் பல விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டு, 'ஆகவே இதுவே உண்மை' என்று முடித்துக்கொண்டிருந்தார்கள். திருத்தித் திருத்தி எனக்குத் தலைவலிதான் மிச்சம். சரி, வாதம் என்றால் என்ன என்று அடியிலிருந்து ஆரம்பிப்போம் என்று இறங்கினேன். வம்பை நானே கூப்பிட்டு வைத்துக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் சான்றும் காரணமும் காட்டிப் பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். வகுப்பு கொட்டாவி விட்டது. அடுத்த வாரம் வாதப் பிழைகளை எடுத்தேன். கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது, ஒன்றிரண்டு பேரைப் பார்த்துவிட்டு எல்லாரும் அப்படித்தான் என்று அவசர முடிவுக்கு வருவது, ஊரே செய்கிறது, அதனால் சரி என்பது. அவ்வளவுதான். தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நிமிர்ந்தவர்கள் பிறகு அடங்கவே இல்லை. வகுப்பில் கைபேசி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சின்ன விவாதம் வைத்தேன். ஒருவன் எழுந்து, "என் அண்ணன்..." என்று ஆரம்பித்ததுமே நாலு பக்கமிருந்தும் "அவசர முடிவு" என்று குரல். அண்ணன் என்ன செய்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காற்பந்துத் திடலில் ஆட்டக்காரர்களே இல்லாமல் எல்லாரும் விசில் வைத்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் மதிப்பெண் குறையும் என்றேன். "டீச்சர், இது பயமுறுத்தி இணங்க வைக்கிற வாதம் லா" என்று சிங்கப்பூர் 'லா'வோடு பதில் வந்தது. அது வாதமில்லை, பள்ளி விதி என்று புரியவைப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

இதில் எல்லாரையும் மிஞ்சியவள் முன்வரிசையில் உட்காரும் ஒரு பெண். கெட்டிக்காரி. மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர்களுடைய பிழைக்குப் பெயர் வைத்துவிடுவாள். "பிழையைச் சொன்னால் போதாதும்மா, அதற்குப் பதிலாக உன் வாதம் என்ன?" என்று கேட்டால், "அவங்க சொன்னது தப்பு, அது போதும் இல்ல டீச்சர்?" என்பாள். இதற்கு மேல் நான் என்ன செய்வது?

ஒரு நாள் மதியம் அவளுடைய அப்பா என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அலுவலகத்துக்கு வந்திருந்தார். சந்திப்பு அறை மாடியில். அவர் படியேறி வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை. சீருடையிலேயே வந்திருந்தார். கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மகளும் பின்னாலேயே வந்து ஓர் ஓரமாக நின்றாள்.

"டீச்சர், நீங்க இங்க தமிழ்தானே சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார். "வீட்ல நான் எதைச் சொன்னாலும் பிழைங்குறா. நான் வாயைத் திறந்தா, அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கா. பெத்தவங்ககிட்ட பேசுற பேச்சா இது?"

நான் மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள், "டீச்சர், என்ன நடந்ததுன்னு கேளுங்க" என்றாள். "அப்பாவுக்கு நடந்தா மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட போங்கன்னு அம்மாவும் நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம். கேட்டா, தாத்தா கடைசிவரைக்கும் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கல, நல்லாத்தான் இருந்தாருங்குறாங்க. ஒரு தாத்தாவை வச்சு எல்லாருக்கும் முடிவு பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? அதைத்தான் சொன்னேன்."

"பாத்தீங்களா?" என்றார் அவர். "எங்கப்பாவையே பிழைங்குறா."

நானும் என் பங்குக்கு முயன்றேன். நாற்பது தாண்டியவர்கள் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றேன். தன்கூட வேலை பார்க்கிற பலர் அடிக்கடி டாக்டரிடம் போய், போன பிறகுதான் நோயாளி ஆனார்கள் என்றார். சும்மா ஒரு தடவை பார்ப்பதில் என்ன நஷ்டம் என்றேன். லீவு போட்டால் மேலதிகாரி முகத்தைக் காட்டுவான், அவனும் எதற்கும் டாக்டரிடம் போவதில்லை என்றார். மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவள் முணுமுணுக்க முணுமுணுக்க அவர் இன்னும் இறுகினார். அவர் சொன்ன எல்லாவற்றையும் வகுப்புப் பலகையில் எழுதிப்போட்டிருந்தால் எனக்கு ஒரு மாதப் பாடம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தும், அவர் நாற்காலியை விட்டு ஓர் அங்குலம்கூட நகர்கிற மாதிரி இல்லை. இவர்கள் இருவரில் யாரை முதலில் வெளியே அனுப்புவது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது.

கடைசியில் எரிச்சலோடு அவளிடம்தான் திரும்பினேன். "பிழை, பிழைன்னு பேரு சொல்றதைக் கொஞ்சம் நிறுத்து. நீ என்ன பார்த்தியோ, அதை மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் முதலில் என்னை முறைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். குரல் வேறு மாதிரி வந்தது.

"போன வாரம் தேக்கா போனோம்ல அப்பா? மார்க்கெட்ல இருந்து கோயில் வரைக்கும் நடந்தோம். வழியில நீங்க அடிக்கடி நின்னீங்க. முதல்ல ஒரு புடவைக் கடை முன்னாடி. அப்புறம் நகைக்கடை. அப்புறம் பாத்திரக் கடை. ஒவ்வொரு இடத்துலயும் கண்ணாடிக்குள்ள வேடிக்கை பார்த்தீங்க. அம்மா புடவை வாங்கப் போனாலே நீங்க உள்ள வர மாட்டீங்க. தீபாவளிக்குக்கூட வெளியிலதான் நிப்பீங்க. அன்னிக்கு எதுக்குப்பா புடவைக் கடைப் பொம்மையை அவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

அவர் பார்வையை மேசைக்குத் திருப்பினார்.

"நிக்கிறப்ப உங்க கை இங்க இருந்துச்சு" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "நான் பார்க்குறேன்னு தெரிஞ்சதும் சட்டைப் பையைத் தடவுற மாதிரி பண்ணீங்க. பையில ஒண்ணுமே இல்லப்பா."

கதவருகே அவர் நின்ற நிலை எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது கோபமில்லை. ஒரே ஒரு மாடி ஏறியதற்கு அந்த மனிதர் மூச்சைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பிறகு அவர் மேசையைப் பார்த்தபடியே, "உங்கம்மாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"சொல்லல. சொன்னா அழுவாங்க."

"சரி, சொல்லாத. பாலிகிளினிக் போறேன். நாளைக்கு..."

"இன்னிக்கு" என்றாள் அவள். அதற்கு அவர் எந்தத் தாத்தாவையும் இழுக்கவில்லை. நான் துணை முதல்வரிடம் சொல்லி அவளையும் கூடவே அனுப்பினேன். இறங்கும்போது மின்தூக்கியில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் ஏறினார்.

சாயங்காலம் அவளுடைய அம்மா அழைத்தார். பாலிகிளினிக்கில் இருதயத் துடிப்பைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் வீட்டுக்கு விடாமல் ஆம்புலன்ஸ் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம். ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. இப்படியே வேலைக்குப் போய்ச் சரக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தால் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பேசும்போதே அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். போனை வைத்த பிறகு ஆசிரியர் அறையில் என் இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருத்த வேண்டிய கட்டுரைகள் அப்படியே கிடந்தன.

சிகிச்சை முடிந்து, சில மாதங்கள் கழித்துப் பெற்றோர் சந்திப்புக்கு அவர் வந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் தெளிவு. நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்களைப் பார்க்க வர்ற வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். உங்ககிட்ட சத்தம் போட்டதுலதான் எல்லாம் ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார்.

ஒன்றுக்குப் பின்னால் நடந்தது அதனாலேயே நடந்தது என்று முடிவு கட்டுவது. அதற்கும் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. அவருக்குப் பின்னால் நின்ற மகளின் உதடு துடித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் சொல்லவில்லை. அப்பாவின் மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு, "மதிய மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நானும் வாயை மூடிக்கொண்டு அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வாதப் பிழைகளை இன்றும் நான் பாடமாக எடுக்கிறேன். மாணவர்கள் இன்றும் விசிலோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கும் தலைவலி தீர்ந்தபாடில்லை. ஆனால் யாராவது "பிழை" என்று கத்தும்போதெல்லாம், கூட நடப்பவரை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டே நடந்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, "சரி, நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.