பிரித்துப் பார்க்காத புத்தகம்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுவேன். அப்படிப்பட்ட ஒருவன் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரிடமும் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

சாவகச்சேரியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. நீதிமன்றம் இல்லாத ஞாயிறுகளில் பின்னறையில் நாங்கள் நான்கு பேர் கதை விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நடத்துகிறவன் நான். கனடாவிலிருந்து வந்துபோன அக்காவின் மகன் பழக்கிவிட்டு, இந்த விளையாட்டுக்கென்று அச்சடித்த இங்கிலிஷ் கதைப் புத்தகங்கள் நான்கைத் தந்துவிட்டுப் போனான்.

பருத்தித்துறைப் பக்கம் படகு இயந்திரம் திருத்துகிற அண்ணை ஒருவர் கொடிகாமத்தில் பஸ் மாறி விளையாட வருவார். காதில் வந்த வருத்தத்தால் கடலுக்குப் போகக்கூடாதென்று டொக்டர் அவரை மறித்துவிட்டார். விளையாட்டில் அவர் ஒரு தண்டையல், பாய்க்கப்பலின் தலைவன். இரண்டு வருடமாக அதே ஆள்தான். தண்டையல் போன துறைமுகங்கள், பட்ட காயங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அழித்து எழுதி, அந்தத் தாள் துணி மாதிரி ஆகிவிட்டது. பாத்திரம் செத்தால் செத்ததுதான். அது எங்கள் சட்டம்.

முதல் இரண்டு புத்தகங்களிலும் யாரும் சாகவில்லை. கூட விளையாடுகிற என் மனைவியின் தம்பி, மச்சான், அது ஏன் என்று கண்டுபிடித்துவிட்டான்.

"நீ முழுக்க வாசிச்சுப்போட்டு வாறாய். பள்ளம் வாற இடத்திலை மெல்லச் செருமுறாய். நாங்கள் விலத்திப் போறம்," என்றான்.

நான் செருமுவது உண்மைதான்.

"மிச்சம் ரெண்டிலை எது ஆகக் கஷ்டம்?" என்று அண்ணை கேட்டார். அட்டையிலேயே மிகக் கடினம் என்று போட்டிருந்ததைக் காட்டினேன்.

"உதையே எடுப்பம்."

நான்காவது ஆள் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். "கஷ்டமான பேப்பரைச் செய்தால் மற்றதெல்லாம் லேசு. ஆனால் சோதினை மாதிரி வைக்கவேணும். சீல் வைச்சு, எங்களுக்கு முன்னாலை உடைக்கவேணும்," என்றார்.

அப்படியே செய்தோம். எழுத்தைப் பாராமல் பிரதி எடுத்துப் பத்துப் பத்துப் பக்கமாகக் கடித உறைகளில் போட்டு ஒட்டினேன். மூவரும் ஒட்டின இடத்தில் கையெழுத்து வைத்தார்கள். உறையை உடைத்ததும் நான் அகராதியோடு இருந்து வாசிப்பேன். அதுவரை அவர்கள் தேநீர் குடிப்பார்கள்.

இரண்டாவது உறையில் ஒரு கல் கதவு இருந்தது. அதைத் தொடுகிறவர் அந்த இடத்திலேயே சாம்பலாவார் என்றும், பகடை எறிய இடமில்லை என்றும் இருந்தது. என் இங்கிலிஷ் பிழையாக இருக்கும் என்று மூன்று தரம் அகராதியைப் பார்த்தேன். பிழை இல்லை.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறாய்?" என்றான் மச்சான்.

நான் செருமவில்லை. சோதினை மண்டபத்தில் நிற்கிறவர் விடை சொல்லக்கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

கதவைப் பற்றிச் சொன்னேன். அண்ணை முன்னால் சரிந்து இருந்தார். "தண்டையல்தான் முதல் போவான். நான் திறக்கிறன்."

தண்டையல் அந்த இடத்திலேயே சாம்பலானான் என்று வாசித்தேன்.

"தப்புறதுக்கு எத்தினை எறியவேணும்?" என்று ரீச்சர் கேட்டார்.

"எறியத் தேவையில்லை எண்டு போட்டிருக்கு."

"அப்ப எங்களுக்குச் சாவுத் துடக்கோ? கடையை முப்பத்தொரு நாளும் பூட்டப்போறியோ?" என்று மச்சான் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திவிட்டான்.

அண்ணை பகடையை மேசையில் வைத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

"ஒரு சொல்லும் சொல்லேல்லை," என்றான் மச்சான்.

"செத்தவீட்டிலை ஆர் போட்டு வாறன் எண்டு சொல்லுறது?" என்றார் ரீச்சர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்த வீட்டிலிருந்தும் நாங்கள் போய்வருகிறேன் என்று சொல்லாமல் இறங்குவதில்லை, செத்தவீட்டைத் தவிர. ரீச்சர் மிச்ச உறைகளை எல்லாம் கிழித்தார். கடைசி உறையில் இருந்த பின்னிணைப்பை அவரே வாசித்துச் சொன்னார். நடத்துகிறவர் புத்தகம் முழுவதையும் முதலில் வாசிக்க வேண்டுமாம். கதவுக்கு முன்னால் உள்ள நடையில், சாம்பல் குவியல்கள், கருகிய கை, சுவரில் எழுத்து என்று மூன்று எச்சரிக்கைகளைக் கட்டாயம் காட்ட வேண்டுமாம்.

"நீங்கள் காட்டேல்லையே," என்றார்.

"எனக்குத் தெரியாதே, ரீச்சர்."

"தெரியாமல் பண்ணினது நான்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கிழிந்த உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் தரிப்புக்கு ஓடிப்போய் அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். தெருவில் ஆட்கள் நின்றார்கள். நான் போகவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கே நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் கடையில் வரிசையாக நின்றார்கள். பத்தரைக்கு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, பிழை என்னுடையது, திருப்பி விளையாடலாம் என்றேன். செத்தது செத்ததுதான் என்றார். அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.