மெஹித்தபெலுக்கு ஐம்பத்திரண்டு

எலியாப் டார்பாக்ஸின் மனைவி மெஹித்தபெல் புதன்கிழமை விடியலில் கண்ணை மூடினாள். செத்தாளே, நாள் பார்த்தா செத்தாள் பாவம்! வெள்ளிக்கிழமையிலிருந்து முத்திரை வரி அமலுக்கு வருகிறது. நியூ ஹாம்ப்ஷயர் கரையில் எங்கள் துறைமுக ஊரில் வேறு பேச்சே கிடையாது. பத்திரத்துக்கு வரி, செய்தித்தாளுக்கு வரி, சீட்டுக்கட்டுக்குக்கூடவா ஒருத்தன் வரி போடுவான்? ராஜாவின் ஆட்கள் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் போட்டார்கள். ஊர் கொதித்ததில் தப்பே இல்லை.

எலியாப்புக்கும் கோபம்தான். ஆனால் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள்.

சபைக் கூடத்தில் மணி அடிப்பதும் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதும் முப்பது வருடமாக அவர் வேலை. செத்தது பெண் என்றால் ஆறு அடி. சற்று நிறுத்தி, வயதுக்கு ஒன்றாக மீதி அடிகள். பெட்டி வாசலை விட்டுக் கிளம்பும்போது தொடங்குவார். ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு எண்ணும். எல்லாருக்கும் அடித்தவர் தன் பெண்டாட்டிக்கு அடிக்கப் போனால் பெட்டிக்குப் பின்னால் யார் நடப்பது? நடந்தால் கயிறு யார் கையில்? பிள்ளைகுட்டி இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை.

வியாழன் காலை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி காப்டன் எசேக்கியா விங்கேட் வீட்டு வாசலில் நின்றார். வரிக்கு எதிராகக் கூடியவர்களுக்கு விங்கேட்தான் தலைவர்.

“இன்னைக்கு மத்தியானம் அவள எடுக்கணும் காப்டன். மணிக்கு ஒரு ஆள் குடுத்தீங்கன்னா நான் பின்னால நடந்துருவேன்.”

“அட, என்னய்யா நீ! நாளைக்குச் சுதந்திரத்தையே பெட்டியில வச்சு ஊர்வலமா தூக்கப்போறோம். இன்னைக்கே மணி அடிச்சிட்டா நாளைக்கு எவன் காது குடுப்பான்? ஒரு நாள் பொறு. எங்க பெட்டிய இறக்கின கையோட மொத்த ஜனமும் உன் வீட்டுக்கு வரும். மணிக்கும் ஆள் தர்றேன்.”

“நிச்சயமா வருவாங்களா?”

“நான் சொல்றேன்ல!”

எலியாப்புக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மெஹித்தபெல் கூச்சக்காரி. சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் ஆளாக எழுந்து வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும், “கேட்டியா மெஹி, ஊரே வருதாம்” என்றார். சொன்ன பிறகுதான் பதில் வராது என்பது உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

வெள்ளி மத்தியானம் கறுப்புத் துணி சுற்றிய தம்பட்டங்களோடு காலிப் பெட்டி கிளம்பியது. மேலே எழுத்து: ‘சுதந்திரம், வயது 130.’ முதல் குடிகள் இந்தக் கரையில் வந்து இறங்கி அத்தனை வருடம். எலியாப் மணிக்கூண்டில் நின்று, சுதந்திரத்தையும் பெண் கணக்கில் வைத்து ஆறு அடித்து, அப்புறம் நூற்று முப்பதும் அடித்தார். தோள் கழன்றுவிட்டது. கீழே பெண்கள் நிஜமாகவே கண்ணீர் விட்டார்கள். பக்கத்து வீட்டு தொற்காள்கூட விம்மினாள். மெஹித்தபெலைக் குளிப்பாட்டியபோது அவள் அழவில்லை.

பெட்டி குழிக்குள் இறங்கியதுதான் தாமதம், விங்கேட் கத்தினார்: “நிறுத்துங்க! மூச்சு சத்தம் கேக்குது! சுதந்திரத்துக்கு உசிர் இருக்குடா!”

எல்லாம் பேசி வைத்த நாடகம். எலியாப்பிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

“டார்பாக்ஸ், பொழச்சிருச்சு! கல்யாண மணி அடிய்யா!” என்று கீழிருந்து குரல் வந்தது. அடித்தார்.

இறங்கி வந்தபோது தெருவில் ஈ காக்கை இல்லை. கூட்டம் மொத்தமும் சாராயக்கடையில். உள்ளே நுழைந்த எலியாப் கையில் விங்கேட் ரம் குவளையைத் திணித்தார். “பின்னிட்டய்யா!”

“காப்டன், என் வீட்டுக்காரி...”

“இன்னைக்குப் போய்ச் சாவுப் பேச்சா? நாளைக்குப் பாத்துக்கலாம், குடி.”

செத்து மூன்றாம் நாள். இன்னும் எத்தனை நாளைக்கு? எலியாப் குவளையை வைத்துவிட்டு வெளியேறினார்.

பெட்டியைக் கைவண்டியில் ஏற்றித் தானே தள்ளிப் போனார். நோயில் கரைந்த உடம்பு, கனமே இல்லை. புதன்கிழமை தன் கையால் வெட்டிய குழிக்குள் பலகை சாய்த்து இறக்கினார். தெரிந்த ஒரு வேதாகமச் சங்கீதத்தைச் சொல்லி மண்ணைத் தள்ளினார். பிறகு மணிக்கூண்டில் ஏறினார்.

ஆறு. நிறுத்தினார். ஒன்று, இரண்டு... முப்பத்தேழில் சாராயக்கடைக் கதவு படாரென்று திறந்தது.

“கேக்குதாடா? டார்பாக்ஸ் இன்னும் சுதந்திரத்துக்கு அடிச்சிக்கிட்டிருக்கான்! இவன்தான்டா ஆளு!”

மூன்று முறை ஜே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் எலியாப்புக்கு எண்ணிக்கை தப்பியது. கயிற்றை இறுக்கிப் பிடித்தார். முதல் ஆறிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.