ஏழாவது கட்டத்தில் நான் போட்ட டிக்

அன்று வண்டி ஏற்றும் ரேம்ப்பின் பெல்ட்டை நான் கட்டவில்லை. கட்டியதாகத் தாளில் டிக் போட்டிருந்தேன். அதனால் ஒரு மனிதரின் வலது முழங்கால் நொறுங்கியது. தன் கை செய்த தவறு என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

இதை உங்களிடம் சொல்வது மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. முழுவதையும் கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். வீடு தாராவியில், வேலை செம்பூரில். ஊர் மாறிப் போகிறவர்களின் பைக்குகளை டெம்போவில் ஏற்றி அனுப்பும் சின்ன ஷெட் அது, மேற்பார்வை என்னுடையது. முதலாளியை அண்ணாச்சி என்போம். வண்டி ஏற்றுகிறவர் சுடலை அண்ணன். எங்கள் குடும்பத்தைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தங்கியவர். அவர் கையிலிருந்து ஒரு வண்டிகூடச் சாய்ந்ததில்லை என்று ஷெட்டில் சொல்வார்கள். அவரும் அதை மறுக்க மாட்டார்.

நான் சேர்ந்தபோது அங்கே ரேம்ப் என்று எதுவும் கிடையாது. ஐந்தடி மரப்பலகை ஒன்று இருந்தது. டெம்போவின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி. பலகையின் நீளத்தில் பாதி உயரம்! முன்சக்கரம் தளத்தைத் தொட்டதும் வண்டியின் வயிறு விளிம்பில் இடிக்கும். ஒவ்வொரு நாளும் இடித்தது. யாரும் அதைத் தவறு என்று நினைக்கவில்லை.

நான்தான் சண்டை போட்டு எட்டடி அலுமினிய ரேம்ப் வாங்க வைத்தேன். இரண்டாக மடிவது, லேசாக வளைந்தது, மழையில் டயர் வழுக்காமலிருக்க ஓட்டைகள் குத்தியது. ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றேன். ஒன்றில் வண்டி ஏறும். பக்கத்தில் இருப்பதில் அதைப் பிடித்துக்கொண்டு ஆள் நடப்பார்.

பிறகு பட்டியல் எழுதினேன். ஏழு கட்டங்கள். டெம்போ சமதரையில் நிற்கிறதா, கைபிரேக் போட்டாயிற்றா, ரேம்ப் வண்டியின் எடையைத் தாங்குமா... இப்படிப் போய், ஏழாவது: ரேம்ப்பை டெம்போவோடு பெல்ட்டால் கட்டியாயிற்றா?

ஏழாவதுதான் உயிர். பின்சக்கரம் ஏறும்போது வண்டி முன்னே போகிறது. அதே வேகத்தில் ரேம்ப்பைப் பின்னால் தள்ளுகிறது. கட்டாத ரேம்ப் தளத்தின் விளிம்பிலிருந்து நழுவிவிடும். இதை நான் ஷெட்டில் எத்தனை முறை விளக்கியிருப்பேன்!

"பைக் ஏத்துறதுக்குப் பரீட்ச வச்சிருக்கா பாருங்கலே," என்று சிரித்தார் சுடலை அண்ணன். "ஏட்டி இன்ஜினியரு, பாஸ் மார்க் எவ்வளவு?"

"ஏழுக்கு ஏழு, அண்ணே."

"அப்பம் நான் ஃபெயிலுதாம்."

ஆனால் அவருக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ரேம்ப் மாட்டியவர் அதை ஒரு முறை மிதித்துப் பார்த்து, "புடிச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்காமல் அவர் கிளட்சை விட மாட்டார். தாள் வந்த பிறகு இந்தக் கத்தல் எதற்கு என்று நான் கேலி செய்ததுண்டு.

அன்று காலை செம்பூரில் ஒரு காலனி வாசல். பெங்களூரில் வேலை கிடைத்த மகனுக்கு அவனுடைய கனத்த பைக்கை அனுப்பும் ஒரு மாமி. "பாத்து ஏத்துங்கோ. என்னைத் தொடச்சு வைக்கக்கூட விடமாட்டான்," என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஐந்து வண்டிகள். நேரம் மிச்சமாகட்டும் என்று, டெம்போவில் வரும்போதே, வண்டிக்கு ஒன்றான ஐந்து தாள்களிலும் எல்லாக் கட்டங்களுக்கும் டிக் போட்டு வைத்திருந்தேன். நான் எழுதிய பட்டியல்தானே, எப்படியும் செய்யத்தானே போகிறேன்... பட்டியல் போடுகிறவர்களுக்கு மட்டுமே வருகிற திமிர் இது.

ரேம்ப்பை மாட்டிவிட்டு நான் டெம்போவின் மேல் நின்றேன். கீழே வண்டியை முடுக்கிவிட்டுச் சுடலை அண்ணன் கேட்டார். "புடிச்சாச்சா, தாயி?"

நான் ரேம்ப்பைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தேன். ஏழாவது கட்டத்தில் டிக் இருந்தது.

"புடிச்சாச்சு, அண்ணே."

முன்சக்கரம் தளத்தில் ஏறியது. பின்சக்கரம் பாதி தூரம் வந்தது. ரேம்ப் பின்னால் உதைத்துக்கொண்டு போயிற்று. வண்டி அவர் பக்கம் சாய்ந்து, அவரைத் தரையில் தள்ளி, முழங்காலின் மேல் விழுந்தது.

பெல்ட், சுருட்டியபடி என் தோள்பையில் இருந்தது. யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி கேட்டார். "எப்படிலே விழுந்துச்சு?"

"கிளச்ச வெடுக்குன்னு விட்டுட்டேன் போல, அண்ணாச்சி," என்றார் சுடலை அண்ணன், பல்லைக் கடித்தபடி. "கை ஏமாத்திட்டு."

அண்ணாச்சி என்னிடமிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். "இந்தப் புள்ள எல்லாம் சரியாத்தாம் பாத்திருக்கு."

என் பட்டியல் சுடலை அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன்? சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்பிள்ளையின் விளையாட்டு என்று தாளைக் கிழித்திருப்பார்கள். மறுநாளே ஐந்தடிப் பலகை திரும்பி வந்திருக்கும். நான் சொல்லாததால் ஏழு கட்டமும் ஷெட்டின் சட்டமாயிற்று. அதன் பிறகு யாரும் விழவில்லை. ஒருவர்கூட! இது சாக்கு என்கிறீர்களா? ஷெட்டில் இருக்கும் ஆறு பேரின் முழங்கால்களையும் வந்து பார்த்துவிட்டு அப்படிச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தக் காரணம் ஆஸ்பத்திரியில் என் மனத்தில் இருந்ததா? இல்லை... அது மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. அன்று இருந்தது வெறும் பயம்.

இப்போது அவருக்குக் கால் மடங்குவதில்லை. ஷெட் வாசலில் நாற்காலி போட்டு, வண்டிகள் ஏறுவதைக் கவனிக்கும் வேலையை அண்ணாச்சி கொடுத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குக் காலை நீட்டிக் காட்டுவார். "கிளச்ச மெல்ல விடணும்லே. வெடுக்குன்னு விட்டா இதாம் கதி." பாடமே தப்பு. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அவர் மகள் ஸ்கூட்டர் வாங்கி ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு தடவை பிடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் ஹேண்டில்பாரைத் தொடவில்லை.

"நீயே ஓட்டு. அப்பா கை சரியில்ல."

கால் என்று சொல்லவில்லை. கை என்றார்.

அன்று அவரிடம் சொன்னேன். "அண்ணே, ஒங்க கை மேல தப்பில்ல."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதட்டி," என்றார். அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது... விழுங்கிவிட்டேன்.

பட்டியலை நான் கிழிக்கப்போவதில்லை. அது சரியான பட்டியல். அன்றும் சரியாகத்தான் இருந்தது. இப்போது பெல்ட்டைக் கட்டி, இழுத்து, ரேம்ப்பை மிதித்துப் பார்த்த பிறகே பேனாவைத் திறக்கிறேன். ஏழாவது கட்டத்தைக் கடைசியில் நிரப்பித் தாளை அவரிடம் நீட்டுகிறேன்.

"நீ டிக் போட்டுட்டேல்லா, அப்பம் நான் என்னத்தப் பாக்க," என்கிறார் சுடலை அண்ணன். ரேம்ப் பக்கம் தலையைத் திருப்பாமலே, வண்டியை ஏற்றச் சொல்லிக் கையசைக்கிறார்.