படத்துக்கு வெளியே நின்ற கை

செண்பகத்தோப்புப் பாதையில் கல்லும் கருவேலமுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தியவன் நான். பாறையை உடைத்துக் கிணறு இறக்கியவன் நான். நாய்களுக்கென்று ஓடு போட்டுத் தனித்தனி அறை கட்டியபோது ஊரே சிரித்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் வளர்த்த ராஜபாளையம் நாய்கள் இன்று எத்தனையோ ஊர்களில் வாசல் காக்கின்றன. எதையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

செவிட்டு நாயை ஆட வைத்தவனும் நான்தான். எங்கள் வெள்ளை நாய்களில் சில குட்டிகள் காது கேளாமலே பிறக்கும். மற்றவர்கள் கழித்துவிடுவார்கள். நான் ஒன்றை வைத்துக்கொண்டு கைச்சாடையிலேயே பழக்கினேன். உள்ளங்கையைத் தூக்கினால் பின்னங்காலில் நிற்கும். விரலைச் சுழற்றினால் சுற்றி வரும். பிறகு இன்னும் மூன்று நாய்களையும் அதே சாடைக்குப் பழக்கினேன்.

கேள்விப்பட்டு ராஜபாளையத்து மில் முதலாளியின் மகன் வந்தார். வெளிநாட்டில் படித்தவர். கையில் பழைய பிரான்சு ஓவியம் ஒன்றின் நகல் வைத்திருந்தார். மாளிகைக் கூடத்தில் பட்டு உடுத்திய சீமாட்டிகள்; நடுவில் சிவப்புக் கோட்டுப் போட்ட நாய் பின்னங்காலில் நிற்கிறது; பாவாடை கட்டிய இன்னொன்று ஆடுகிறது. ஓரத்தில், ஒட்டுப் போட்ட சட்டையோடு, அவற்றைப் பழக்கியவன்.

“அண்ணாச்சி, அந்தக் காலத்துல அங்க பெரிய வீட்டு விருந்துன்னா இதுதான் ஃபேஷன். தங்கச்சி கல்யாண ரிசப்ஷன்ல நம்ம நாய் இதே மாதிரி நிக்கணும்.”

“நிக்கும் தம்பி. ஆனா அது செவிடு. எங் கை அதுக்குத் தெரியணும்.”

கோட்டு தைத்தது என் மனைவி. அதை உதறிப் போடாமல் இருக்க நாயைப் பழக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.

ரிசப்ஷன் அன்று மேடை நடுவில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்போடு நின்றவர் அவர். என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த பெருமிதத்தில் நான் சொன்னதை மறந்துவிட்டு, “ஸ்டாண்ட்! ஸ்டாண்ட் அப்!” என்று செவிட்டு நாயிடம் கத்தினார். அது கழுத்தைச் சொறிந்துகொண்டது.

“ஏலே, அதுக்கு இங்கிலீசு வராதுடே. தெலுங்குல சொல்லச் சொல்லு!” என்று பின்வரிசையில் ஒரு குரல். முதலாளி வீட்டில் பேசுவது தெலுங்கு; பந்தலே சிரித்தது.

நான் உள்ளங்கையைத் தூக்கினேன். நாய் நின்றது. மற்றவையும் நின்றன. கைதட்டல் முழுவதும் அவருக்குப் போயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுடைய லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அதன் முன்கூடத்தில் பிரான்சுப் படத்தின் பக்கத்திலேயே அன்றைய போட்டோவைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். கீழே ‘பயிற்சியும் அமைப்பும்’ என்று போட்டு அவர் பெயர். காபி குடிக்கப் போன இடத்தில் நானும் மனைவியும் பார்த்தோம்.

“நீங்க எங்க நிக்கீய?”

“இங்கதாம்ட்டி” என்று படத்துக்கு வெளியே சுவரைத் தொட்டுக் காட்டினேன்.

“செவரையா போட்டோ புடிச்சாவ?” என்றாள்.

முதலாளி மகனையே கேட்டுவிட்டேன். “ஃப்ரேமுக்கு இடம் பத்தல அண்ணாச்சி. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டச் சொன்னேன். ஒண்ணும் நினைச்சுக்காதீங்க” என்றார்.

நினைக்கத்தான் செய்கிறேன். செவிட்டு நாய் செத்துப்போயிற்று. மறுபடி நிறுத்திக் காட்ட எனக்கு வழியில்லை. அது நின்றதற்கு மிச்சம் அந்தப் போட்டோ ஒன்றுதான்.

அதை உற்றுப் பாருங்கள். பிரம்பு பிடித்தவரை ஒரு நாயும் பார்க்கவில்லை. நான்கும் ஒரே பக்கம், சட்டகத்தைத் தாண்டி, என் கையைப் பார்க்கின்றன. பிரபுக்களுக்கு வரைந்தவனே நாய் பழக்கியவனை ஓரத்திலாவது வைத்தான். இவர்களுக்கு அந்த ஓரமும் பொறுக்கவில்லை. வெட்டிய பகுதியைச் சேர்த்துப் புதிதாக மாட்டட்டும். அவர் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பயிற்சி என்ற சொல்லுக்கு நேராக என் பெயர் வர வேண்டும், அவர் பெயருக்கு மேலே.