முறைப்படி ஒரு நீலம்

செய்தி வந்தபோது நான் நமது சங்கத்தின் ஆண்டறிக்கைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தானிய வியாபாரி மீரான் ராவுத்தர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். எப்போதும் வாசலில் நின்றபடியே கூப்பிடுகிறவர். அன்று நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஜெலுத்தோங்குல பிள்ளைவாள் போயிட்டாரு. காலையில."

"சரி" என்றேன். அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். அதன் பிறகுதான் பேனாவைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றியது. கல்நெஞ்சு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கை தன் வேலையைச் செய்தது. மற்ற எதுவும் வேலை செய்யவில்லை. இதை எழுதும்போதும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

வைத்திலிங்கம் பிள்ளையவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்குத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவர் தமிழ்க் குமாஸ்தா. நான் அடுத்த மேசை. நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களிடம், "இவுக உனக்கு என்ன முறை?" என்று கேட்டு எழுதிக்கொள்வது அவருடைய உத்தியோகம். கடல் மயக்கத்தில் சொந்தப் பெயரையே மறந்து நிற்கிறவனிடமிருந்துகூட ஒன்றுவிட்ட சித்தப்பன்வரை வாங்கிவிடுவார். முறை தெரியாமல் ஒருவரை இந்தத் தீவுக்குள் விடுவதில்லை என்பது கம்பெனியின் விதியா, அவருடைய விதியா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் சங்கத் தலைவர், பிள்ளையவர்கள் சகல ஜீவராசிகளிடமும் அன்பு செலுத்தியவர் என்று பேசினார். அது சரியல்ல. பூனைகள் அவருக்கு ஆகாது. எறும்புகளைப் பரம்பரைப் பகையாக நினைத்தார். அவர் அன்பு செலுத்தியது ஒரே ஒரு ஜீவராசியிடம். அதன் பெயர் பட்ஜெரிகார்.

ஆஸ்திரேலியாவில் பிறந்து உலகமெங்கும் கப்பலேறிய சிறுகிளி அது. உள்ளங்கைக்குள் அடங்கும். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், முதுகில் கறுப்பு வரி. நம்மவர்கள் லவ்பேர்ட் என்பார்கள். அந்தப் பெயரைப் பிள்ளையவர்கள் தம் வீட்டில் அனுமதிக்கவில்லை.

"லவ்வெல்லாம் கிடையாதுய்யா. எல்லாம் பெரியவங்க பார்த்து வெச்சது" என்பார்.

முதல் ஜோடியைக் கொடுத்தவர் ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்த கோவாக்காரர். ஏதோ உதவிக்குப் பதில் உதவி. பெட்டை சாதாரணப் பச்சை. சேவல் நீலம், மழை விட்ட மறுநாள் காலை வானம் எப்படி இருக்குமோ அந்த நீலம், முகம் வெள்ளை. பினாங்கில் அப்போது அப்படியொரு பட்சியை யாரும் பார்த்ததில்லை. சூலியா தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் ஜெலுத்தோங்குக்கு வந்து பார்த்துவிட்டு, சாயம் பூசியிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார்கள்.

வீட்டின் பின்பக்க வராந்தாவில் கூண்டுகள் ஏறின. கூண்டுக் கால்கள் நான்கும் தண்ணீர் ஊற்றிய தகரக் குவளைகளில் நிற்கும், எறும்புக்காக. முட்டையிடுவதற்கு, துளை போட்ட தேங்காய் நெற்று. மூக்கைத் தீட்டிக்கொள்ள, பாசார் சந்தையில் மீன்காரரிடம் கேட்டு வாங்கிய கணவாய் ஓடு. குஞ்சு இருக்கும் கூண்டுக்கு ஊறவைத்த தினை. குளிப்பதற்கு, நனைத்த கங்கோங் கீரை. பட்சிகள் அதில் புரண்டு எழும். ஆபீசுக்குச் சில நாள் தாமதமாக வருவார். காரணம் கேட்டால், "குளிச்சிக்கிட்டு இருந்தாங்க" என்பார். துரை அவருடைய குடும்பம் பெரிது என்று நினைத்துக்கொண்டார்.

குடும்பம் பெரிதல்ல. அவரும் தையல்நாயகி அம்மாளும் மட்டும்தான். அம்மாள் அவருடைய அக்காள் மகள். அவரை மாமா என்றே அழைப்பார். பிள்ளைகள் இல்லை. இதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

முதல் ஈட்டில் பொரித்த குஞ்சுகள் எல்லாம் பச்சை. ஒன்றுகூட நீலமில்லை. அடுத்த ஈடு வருமுன், ஒரு மழைக்காலத்தில், நீலச் சேவல் விறைத்துக் கிடந்தது. மறுநாள் பிள்ளையவர்கள் வழக்கம்போல ஆபீசுக்கு வந்தார். மத்தியானம் வரைக்கும் எழுதினார். பிறகு, "நீலம் போயிடுச்சு" என்றார். நான் மைக்கூட்டை நகர்த்திக் கொடுத்தேன். அவரும் அதில் தோய்த்து எழுதினார்.

கோவாக்காரர் அடுத்த பயணத்தில் வந்தபோது விஷயம் கேட்டுச் சிரித்தார். நீலம் எங்கேயும் போகவில்லை, பச்சைக் குஞ்சுகளின் ரத்தத்தில் ஒளிந்திருக்கிறது, அண்ணனையும் தங்கையையும் ஒரே கூண்டில் விட்டால் பேரப்பிள்ளைகளில் வெளியே வந்துவிடும் என்றார். பிள்ளையவர்கள் அவருக்குக் காப்பி கொடுத்து, வாசல்வரை கொண்டுவிட்டு, திரும்பி வந்து, வராந்தாவை மஞ்சள் நீர் தெளித்துக் கழுவினார்.

அன்றிலிருந்துதான் அவர் வாழ்க்கையின் பெருங்காரியம் ஆரம்பமாயிற்று. நீலத்தை அவர் திரும்பக் கொண்டுவர வேண்டும்; ஆனால் முறைப்படி. முதல் ஈட்டில் முன்னால் பொரித்த பெட்டை, அக்காள்; காலில் சிவப்பு நூல். பின்னால் பொரித்த சேவல், தம்பி; மஞ்சள் நூல். கடைசியாகப் பொரித்த பெட்டை, தங்கை, வெள்ளை நூல். அக்காளுக்கு வெளியிலிருந்து, ஒரு சீனர் கடையில் பார்த்து, பச்சை மாப்பிள்ளை எடுத்தார். அவர்களுக்குப் பிறக்கும் மகளைத் தம்பிக்குக் கட்டுவது என்று ஏற்பாடு. ஜாதகம் மட்டும் பார்க்கவில்லை. முட்டையிட்ட நேரத்தை எடுப்பதா, பொரித்த நேரத்தை எடுப்பதா என்பதில் சோதிடருக்கே தெளிவில்லை.

தினை விற்ற மீரான் ராவுத்தருக்கு இந்தச் சம்பந்தத்தில் உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் இது பெரிய வழக்காக நடக்கும்.

"எங்க மார்க்கத்துல தாய்மாமன் மருமவளக் கட்டக் கூடாதுண்ணே. பெரியத்தா மவளக் குடுங்க, குடுக்கலாம்."

"பெரியப்பா மக தங்கச்சிய்யா!"

"ஒங்களுக்குத் தங்கச்சி. எங்களுக்குச் சம்பந்தம்."

"அப்ப இந்தப் பட்சி எந்த மார்க்கம்?"

"திங்கிறது என் கடைத் தினைலா. நீங்களே யோசிங்க."

"குடியிருக்கிறது என் வீடு."

தையல்நாயகி அம்மாள் காப்பித் தட்டோடு வந்து நின்று, "ஆஸ்திரேலியாவுல இதுங்களுக்கு யாரு பாய் பேசி முடிச்சா?" என்று கேட்பார். இருவரும் காப்பி குடிப்பார்கள்.

நானே ஒருமுறை கேட்டேன்: அண்ணன் தங்கையைச் சேர்த்தால் சீக்கிரம் வருமே, பட்சிக்கு என்ன தெரியப்போகிறது?

"பட்சிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார். "முறை தப்பி வர்ற நீலம் எனக்கு வேணாம்."

அக்காளின் முதல் ஈடு முழுதும் சேவல்கள். அடுத்தது கூமுட்டை. அதற்கடுத்ததில் ஒரு பெட்டை பிறந்தபோது பிள்ளையவர்கள் ஆபீசில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். அது வளர்ந்து, மூக்கின்மேல் பெட்டைக்குரிய பழுப்பு நிறம் ஏறிப் பருவத்துக்கு வந்தது. அந்தச் சமயத்தில் அவர் படுத்துவிட்டார்.

நெஞ்சில் கோளாறு. இறகுத் தூசு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவருக்கு முன்னறையில் கட்டில், பட்சிகள் பின்வராந்தாவில். நடுவில் ஒரு கதவு. பத்து எட்டுகூட இல்லாத தூரத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு அவரால் போக முடியவில்லை. கல்யாணத்தை அம்மாள்தான் நடத்திவைத்தார். நான் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், கண்ணை மூடியபடியே கேட்டார்.

"தையலு, மருமக நெத்துக்குள்ள போயிட்டாளா?"

"போயிட்டா மாமா."

அம்மாள் அதை அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். கஞ்சி பொங்குகிறது போலும் என்று நான் நினைத்தேன்.

பிறகு முட்டைகள் வந்தன. பிறகு பொரித்தன. பட்ஜெரிகார் குஞ்சு பிறக்கும்போது வெறும் தோல். கண் திறந்திருக்காது, நிறம் தெரியாது. இறகுக் குருத்து விடும்வரை காத்திருக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நிறம் தெரியுதா?"

"இன்னும் தோலாத்தான் இருக்கு மாமா."

"அவசரப்படுத்தாத. வரட்டும்."

யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர்தான் அவசரப்பட்டுவிட்டார்.

அடக்கத்தன்று அந்த வீட்டில் வழக்கப்படி அடுப்பு மூட்டவில்லை. கூடத்தில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, தையல்நாயகி அம்மாள் நடுவில் எழுந்து பின்பக்கம் போய், ஊறவைத்த தினையை வடிகட்டிக் கூண்டுகளுக்கு வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். உறவுக்காரப் பெண் ஒருவர், "என்ன மனசோ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். எனக்கு அந்தக் காரியம் ஒன்றுதான் அன்றைக்குப் புரிந்தது. மற்றவையெல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல நடந்தன.

காரியம் முடிந்த மறுநாள், மீரான் ராவுத்தரும் நானும் ஒரு மூட்டை தினையோடு போனோம். அம்மாள் எங்களைப் பின்வராந்தாவுக்கு அழைத்துப்போய்த் தேங்காய் நெற்றை இறக்கி, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்ளே மூன்று குஞ்சுகள். இரண்டு பச்சை. மூன்றாவதன் தலை வெள்ளை. மார்பில் குருத்துக் குருத்தாக நீலம்.

ராவுத்தர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லா! அண்ணன் ஜெயிச்சிட்டாருலா! நான்தான் தோத்துட்டேன். மாமன் மருமவ பலிச்சிருச்சு."

"மருமக இல்ல பாய்" என்றார் அம்மாள். "தங்கச்சி."

அடுத்த கூண்டைக் காட்டினார். அங்கே வெள்ளை நூலோடு ஒரு பெட்டை தனியாக உட்கார்ந்திருந்தது. அதுதான் மருமகளாம்.

"அவர் படுத்த அன்னிக்கே மாத்திட்டேன். நூலயும் மாத்திக் கட்டிட்டேன். டாக்டர் சொன்னதப் பாத்தா ரொம்ப நாள் இல்ல. முறைப்படி போனா இன்னும் எத்தன வருஷமோ. ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போகட்டும்னுதான் செஞ்சேன்."

ராவுத்தர் குனிந்து அந்த வெள்ளை நூலைப் பார்த்தார்.

"முறைப்படி கட்டிக்கிட்டு எங்களுக்கு மட்டும் என்ன பொறந்துச்சு" என்றார், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

அவரைப் பற்றி எழுதப்போகிறேன், இதை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அம்மாள் நெற்றைத் திரும்ப மாட்டினார். முறைக்கொரு நிறமாக நூல்கண்டுகள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார்.

"போடுங்க தம்பி. அவர்தான் படிக்க மாட்டாரே."

பெட்டிக்குள் சிவப்பை எடுத்தார், வைத்தார். மஞ்சளை எடுத்தார். அந்தக் குஞ்சுக்கு எந்த நூல் கட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ராவுத்தர் தினை மூட்டையை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். பெட்டி மூடப்பட்டது. இதை எழுதும் நாள்வரை அதன் காலில் நூல் இல்லை. நெற்றின் துளையில் அது தலை நீட்டி ஜெலுத்தோங்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

போய் வாருங்கள், பிள்ளைவாள். நீலம் வந்துவிட்டது. முறையை மட்டும் கேட்காதீர்கள்.