டெஸ்ட்டில் பாஸான கேரியர்

தானியேல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ரிக்கர். ரிக்கர் என்றால் கிரேன் ஓட்டுகிறவர் இல்லை. கிரேன் கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, கீழே நின்று ஏற்று, இறக்கு என்று கையால் சைகை காட்டுகிறவர். மேலே உட்கார்ந்திருக்கிறவன் வெறும் பொம்மை, மூளை கீழேதான் நிற்கிறது என்பது தானியேலின் கருத்து. அந்த மூளைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது. கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவைத் தூக்கினால் எத்தனை கிலோ என்று கேட்பார். மாதா கோயில் தேரைத் தூக்கும்போது தோள் கொடுக்கமாட்டார், ஓரமாக நின்று இடது பக்கம் ஆள் பத்தாது என்பார். ஒருதடவை சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கயிறு பிடித்தவர்களுக்குக் கையை அசைத்து சைகை காட்டினார். செத்தவர் வீட்டார் துக்கத்தில் இருந்ததால் தப்பித்தார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு மரியாதை இல்லாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது அவர் மச்சான் ராஜமாணிக்கத்தின் வேன். ராஜமாணிக்கம், தானியேலின் மனைவி ஆரோக்கியமேரிக்கு அண்ணன். கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆள் ஏற்றுகிற வேன் வைத்திருந்தார். வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு மொத்த சொந்தமும் அதில்தான் போகும். முதலில் பொம்பளைகள், பிறகு பிள்ளைகள், பிறகு வயசானவர்கள், பிறகு அரிசி, பாத்திரம், பாய், பக்கெட். அதற்கப்புறம் மீந்த இடத்தில் தானியேல். பத்து டன் இரும்புக்கு இடம் சொல்கிறவருக்கு அங்கே இடம் சொல்கிறவர் ராஜமாணிக்கம்.

2006-இல் கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரை மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இரண்டு முட்டிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு போனார். ராஜமாணிக்கம் டிரைவர் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்து, "மாப்ள, ஆடாம புடி. நீதான் ரிக்கராச்சே" என்றார். வேன் மொத்தமும் சிரித்தது. அது பரவாயில்லை. ஆரோக்கியமேரியும் சிரித்தாள். அதுதான் போய்த் தைத்தது.

அடுத்த வருஷம் தானியேல் ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். சொந்தக் காரில், முன்சீட்டில், ஆரோக்கியமேரியை உட்காரவைத்து வேளாங்கண்ணி போகவேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. உள்ளே குடும்பம் இருக்க வேண்டுமென்றால் சாமான் மேலே போகவேண்டும். மேலே போக கேரியர் வேண்டும்.

செங்குன்றத்தில் கார் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று பளபளவென்று இருந்தது, ஒன்று அலுமினியம், ஒன்று ஏணி மாதிரி. தானியேல் ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், பிறகு டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டார். அந்தக் கடையில் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எவ்வளவு தாங்கும் என்றதற்குக் கடைக்காரர் பெருமையாகத்தான் ஐம்பது கிலோ என்றார்.

"அம்பது கிலோவுக்கு எதுக்குயா கேரியரு? தலைல வச்சிக்கினு நடந்தே பூடலாமே" என்று சொல்லிவிட்டு தானியேல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் பைபாஸ் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நியாஸிடம் போய், சிகரெட் அட்டையில் படம் போட்டுக் கொடுத்தார். பட்டைக் கம்பி இல்லை, குழாய் இல்லை, நாற்பதுக்கு நாற்பது மில்லிமீட்டர் எல் வடிவ இரும்பு ஆங்கிள். வீட்டுச் சாமானை அவர் ஏற்கெனவே எடை போட்டு வைத்திருந்தார். தொண்ணூறு கிலோ. இரட்டிப்பாக்கி, போகிற வழியில் மாதா புண்ணியத்தில் ஏறுகிற சாமானுக்குக் கொஞ்சம் சேர்த்து, இருநூறு என்று முடிவு பண்ணினார். காரின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிகிற காடி இருக்கிறதே, எல்லாக் கேரியரும் அதைக் கவ்விக்கொண்டுதான் நிற்கும். தானியேலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீளமான சுமைக்கு நடுவில் ஒரு தாங்கல் வேண்டும் என்பது ஆலையில் பாலபாடம். அதனால் கூரை நடுவில் ஊன்றுகிற மாதிரி இன்னும் இரண்டு கால் வைக்கச் சொன்னார்.

நியாஸ் நல்ல பையன். சொல்லிப் பார்த்தான். "ண்ணா, ஓரம் தாங்கும்ணா. நடுவுல வெறும் தகரம். கேரியரே நாப்பது கிலோ வருது."

தானியேல் அவனுக்கு சர்வீஸ் எத்தனை வருஷம் என்று கேட்டார். நியாஸ் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். கேரியரை மாட்டி, நட்டுகளையெல்லாம் முறுக்கி, எவனும் கழற்றிக்கொண்டு போகக்கூடாது என்று நட்டுகளின்மேல் வெல்டும் வைத்துக் கொடுத்தான். அதுவும் தானியேல் சொன்னதுதான். மஞ்சள் பெயிண்டில் 'தாங்கும் எடை 200 கிலோ' என்று தானியேல் தன் கையாலேயே எழுதினார்.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஆனால் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் தூக்குச் சாமானாக இருந்தாலும், எழுதியிருக்கிற எடைக்கு ஒண்ணேகால் மடங்கு ஏற்றி, பத்து நிமிஷம் வைத்து, சாட்சியோடு டெஸ்ட் எடுத்த பிறகுதான் வேலைக்கு விடவேண்டும். இருநூறுக்கு ஒண்ணேகால் மடங்கு இருநூற்றைம்பது. ஐந்து மூட்டை சிமென்ட். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் வீடு திரும்புகிற நேரமாகப் பார்த்து டெஸ்ட்டை வைத்தார். மூட்டைகள் அடுத்த வீட்டு செண்பகம் கக்கூஸ் கட்ட வாங்கி வைத்திருந்தவை. சாட்சிக்கு ராஜமாணிக்கத்தையே வரச்சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு மூட்டையாக ஏற்றினார்கள். தானியேல் தெருவில் நின்று சைகை காட்டினார். ஐந்தாவது மூட்டை ஏறியதும் வாட்சைப் பார்த்தார். நாலாவது நிமிஷம் காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூடி இறுகிய டின்னைக் கையால் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். கூரை நடுவில் குழிந்து சோற்றுத்தட்டு மாதிரி உள்ளே போனது. பின்கண்ணாடி ஒரு கோடு விட்டது. செண்பகம் முதலில் தன் மூட்டைகளை இறக்கச் சொன்னாள். தானியேல் கையை நீட்டித் தடுத்தார். இன்னும் ஆறு நிமிஷம் பாக்கியிருந்தது.

பத்து நிமிஷமும் முடிந்தது. மூட்டைகளை இறக்கியதும் தானியேல் ஸ்கேலை வைத்துக் கேரியரை நாலு பக்கமும் அளந்தார். ஒரு நூல்கூட வளையவில்லை.

"கேரியர் பாஸு" என்றார்.

ராஜமாணிக்கம் காரைச் சுற்றி ஒருதடவை நடந்துவந்தார். "ஆமா மாப்ள. காருதான் பெயிலு" என்றார்.

டிங்கரிங் பார்க்கிறவர் வந்து தட்டிப் பார்த்து, உள்துணி முழுவதையும் பிரிக்கவேண்டும், பத்து நாள் ஆகும், அதுவரை கூரைமேல் தலகாணிகூட வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். கேரியரைக் கழற்றலாம் என்றால் நட்டுகளில் வெல்டு. நியாஸ் திருத்தணிப் பக்கம் ஒரு வேலைக்குப் போயிருந்தான், நாலு நாள் கழித்துத்தான் வருவான். தானியேல் அசரவில்லை. கூரைத்தளம் போடுகிற இடத்தில் பலகைக்கு முட்டுக்கொடுப்பார்களே, அந்த மாதிரி திருகுகிற இரும்பு முட்டு ஒன்றைக் கொண்டுவந்து, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் நிற்கவைத்துத் திருகினார். கூரை முக்கால்வாசி மேலே வந்தது. மீதிக் குழியில் ராத்திரி பெய்த மழை தேங்கி, காலையில் காக்கா குளித்தது.

மகள் மோனிகா காலேஜில் படிக்கிறவள். கிளம்புகிற அன்று காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பந்தக்கால் நட்ட காரில் தான் வரமுடியாது என்று சொல்லி மாமன் வேனுக்கு நடந்துவிட்டாள். தம்பி சாம்சன் அவள் பின்னாலேயே போனான். ஆரோக்கியமேரி முட்டுக் கம்பியையும் பார்த்தாள், புருஷன் முகத்தையும் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

தானியேல் வேனில் ஏறமாட்டேன் என்றார். கார் ஓடுகிறது, நான் காரில் வருகிறேன் என்றார். ராஜமாணிக்கம் கெட்ட மனுஷன் இல்லை. வாய்தான் கெட்டது. சரி, வண்டி சும்மா எதற்கு வரவேண்டும், வேன் சாமானையெல்லாம் அதிலேயே போட்டால் எங்களுக்கும் காலை நீட்ட இடம் கிடைக்கும் என்றார். இல்லை என்று சொல்ல தானியேலுக்கு வழி தெரியவில்லை. பதினெட்டுப் பேரின் அரிசி, தேக்சா, ஸ்டவ், பாய், பக்கெட் அத்தனையும் காருக்குள் ஏறின. முன்சீட்டில் வெங்காய மூட்டை உட்கார்ந்தது. கேரியரில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. நாற்பது கிலோ ஆங்கிள், தான் மட்டும் ஜம்மென்று வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டது.

வேன் முன்னால் போனது. தானியேல் பின்னால் போனார். தாம்பரம் தாண்டி வண்டி அறுபதைத் தொட்டதும் ஆங்கிள் இடுக்கில் காற்று புகுந்து விசில் அடித்தது. ரோட்டில் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்த்தான். சாமான் ஏற்றினால் இந்தச் சத்தம் வராது என்று தானியேல் நினைத்துக்கொண்டார். வெங்காயம் நினைக்கவில்லை.

திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி வேன் பக்கமே நின்று குடித்தார்கள். தானியேல் கார் பக்கம் தனியாக நின்று குடித்தார். ஆரோக்கியமேரி டம்ளரை வைத்துவிட்டு, பையோடு நடந்து வந்து முன்கதவைத் திறந்தாள். கூரை அமுங்கியதிலிருந்து அந்தக் கதவு திறக்க ஒரு உதை வேண்டும். உதைத்துத்தான் திறந்தாள்.

"இந்தாய்யா, இந்த மூட்டைய பின்னாடி தள்ளு."

"பின்னாடி எங்க கீது எடம்?"

"பத்து டன்னுக்கு எடம் சொல்றவன்னு பேரு. ஒரு வெங்காய மூட்டைக்கு எடம் தெரியல உனக்கு."

ஸ்டவ்வைச் சாய்த்து, பாயை நிமிர்த்தி, முட்டுக்கு இடதுபக்கம் மூட்டையைச் செருகினார் தானியேல். வேனில் என்ன ஆச்சு என்று மெல்லக் கேட்டார்.

"எங்கண்ணன் உன் டெஸ்ட்டு கதைய நாலு வாட்டி சொல்லிச்சி. மூணு வாட்டி சிரிச்சேன்" என்றாள்.

நாலாவது தடவை என்ன செய்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முந்தானையால் சீட்டிலிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ராஜமாணிக்கம் வேன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி என்னமோ சொன்னார். தானியேல் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்து, வேனைத் தாண்டி முன்னால் போனார். அறுபதில் விசில் ஆரம்பித்தது. ஆரோக்கியமேரி மேலே பார்த்தாள்.

"மெதுவா போனா வராதா அது?"

"வராது."

"அப்ப மெதுவா போ. கொடியேத்தம் நாளைக்கித்தானே."